மூலையில் விட்டுப்போகும் தையல்

அனகாபுத்தூர்
4 நவம்பர் 2024, திங்கள்

பிளஸ்ஸிக்கு,

உன் அண்ணன் நம்பரோடு சேர்த்து உன் நம்பரையும் பிளாக் செய்து வைத்திருக்கிறேன். அதை மாற்றும் எண்ணம் இப்போது இல்லை. ஆனால் மெஷின் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அதனால் இந்தத் தாளை பாபின் டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறேன்.

தையல் விடுகிறது. பைபிள் கவரின் மூலைகளில்தான். நேராகப் போகும்போது ஒழுங்காகப் போகிறது. மூலையில் திருப்பியதும் முதல் தையல் விழுவதில்லை. ஊசி இறங்கிய ஓட்டை இருக்கிறது, நூல் அதற்குள் போகாமல் மேலே நீளமாகக் கிடக்கிறது. துணியென்றால் பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்கலாம். தோலில் விழுந்த ஓட்டை விழுந்ததுதான். இன்று கெட்டவற்றை ஜன்னல் ஓரம் தனியாக வைத்திருக்கிறேன்.

நீ சனிக்கிழமை தைத்தவற்றை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு மூலையிலும் விடவில்லை. அப்படியென்றால் நடுவில் மெஷினில் ஏதோ மாறியிருக்கிறது. இந்த அறைக்கு உன்னிடம் ஒரு சாவி, என்னிடம் ஒரு சாவி. நீ எதைத் தொட்டாய் என்று எழுதி வை.

உன் அப்பா பேசி முடித்தபடி திங்கள், புதன், வெள்ளி எனக்கு. மற்ற நாட்கள் உனக்கு. மெஷின் விற்கும்வரை இப்படியே. அதுவரை சர்ச் ஆர்டரைக் கெடுக்காமல் முடிப்போம். கிறிஸ்துமசுக்குள் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தது நாம் இரண்டு பேரும்.

ஈவ்லின்


5 நவம்பர், செவ்வாய்

அன்புள்ள அண்ணி,

தாளைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்துவிட்டேன்! படித்துப் பார்த்தால் மெஷின்.

சத்தியமாக நான் எதையும் தொடவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் தையல் விடுகிறது. ஆனால் மூலையில் இல்லை. ஜிப் முடிகிற இடத்தில் தோல் இரட்டை மடிப்பாக வருகிறது இல்லையா, அங்கேதான் தடதடவென்று போய் இரண்டு மூன்று தையல் விட்டுவிடும். கெட்டதை ஷெல்ஃபில் வைத்தால் நீங்கள் பார்ப்பீர்களே என்று பையில் போட்டு சேலையூருக்கு எடுத்துப்போய்விட்டேன். அப்பா ஒன்றைத் தன் மருந்துச் சீட்டுகள் வைக்க எடுத்துக்கொண்டார். நல்லதை மட்டும்தான் ஷெல்ஃபில் வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு என்னைப் பெரிய கைகாரி என்று நினைத்தீர்களா?

எனக்கு இது விசித்திரமாக இருக்கிறது. ஒரே மெஷின், ஒரே நூல், ஒரே தோல். உங்களுக்கு ஒரு இடத்தில் விடுகிறது, எனக்கு வேறு இடத்தில் விடுகிறது. அது எப்படி ஆள் பார்த்து விடும்?

வியாழக்கிழமை மெக்கானிக் ஏசுபாதத்தை வரச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் ஆபேல் அண்ணனை விட்டுவிட்டுப் பெரும்பாக்கத்துக்கு உங்கள் அக்கா வீட்டுக்குப் போனதிலிருந்து உங்கள் கையெழுத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதிவிட்டேன்.

பிளஸ்ஸி


8 நவம்பர், வெள்ளி

பிளஸ்ஸிக்கு,

அண்ணி என்று போடாதே. விவாகரத்து கேஸ் கோர்ட்டில் இருக்கிறது.

ஏசுபாதம் வந்துபோனதை வீட்டுக்கார கனகவல்லி அக்கா சொன்னார். தறியில் உட்கார்ந்தபடியே, "டைமிங் போச்சுன்னு சொல்லிட்டு, பத்து நிமிசம் நோண்டிட்டுப் போய்ட்டான்மா. இன்னா பண்ணான்னு அந்தப் பொண்ணுக்கும் தெரில" என்றார். டைமிங் சரியாகவே இருக்கலாம். ஆனால் தையல் விடுவது நிற்கவில்லை.

நான் வேலை பார்த்த கம்பெனியில், தையலைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் இருந்தபோது ஒரு பழக்கம் வைத்திருந்தேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவது. அப்படியே இன்று செய்தேன்.

முதலில் புது ஊசி போட்டேன். மாற்றமில்லை. பிறகு ஒரு சைஸ் பெரிய ஊசி. நூல் சுலபமாக ஓடியது, ஆனால் தையல் விட்டபடியேதான் இருந்தது. ஒருவேளை சொல்யூஷன் காயாமல் ஊசியில் ஒட்டிக்கொள்கிறதோ என்று பசை போடாத துண்டுத் தோலில் தைத்தேன். அதிலும் அதேதான்.

பிறகு, மூலை கெட்டதுமே நிறுத்திவிடுவதால் நான் இதுவரை எட்டாத, நீ சொன்ன ஜிப் இடத்தை நானே தைத்துப் பார்த்தேன். எனக்கும் அங்கே விட்டது. ஆக, கனமான இடத்தில் இரண்டு பேருக்கும் விடுகிறது. மூலையில் எனக்கு மட்டும் விடுகிறது. இது ஒரு நோய் இல்லை, இரண்டு. முதலாவது மெஷினுடையது. இரண்டாவது யாருடையது என்று இன்னும் எழுத மனம் வரவில்லை.

கனமான இடத்தில் ஊசி மேலே ஏறும்போது உன்னிப்பாகப் பார். எனக்கு ஏதோ அசைவது போலிருந்தது. மழை இருட்டில் சரியாகத் தெரியவில்லை.

ஈவ்லின்


12 நவம்பர், செவ்வாய்

அண்ணி என்று போடக் கூடாதாம். அக்கா என்றால் நீங்கள் யாரோ மாதிரி இருக்கிறது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் அம்மா இருந்திருந்தால் வாயிலேயே போட்டிருப்பார். அதனால் எதுவும் போடவில்லை.

கண்டுபிடித்துவிட்டேன்! போன் டார்ச்சை ஊசிக்குப் பக்கத்தில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். ஊசி மேலே வரும்போது தோலும் கூடவே எழும்புகிறது! ஊசியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற மாதிரி கொஞ்சம் ஏறி, பிறகு டப்பென்று விழுகிறது. தோலை அமுக்க வேண்டிய மெஷின் கால் அதை அழுத்திப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். போன மாதம் மெல்லிய ஆட்டுத்தோலில் காலின் பல் பதிகிறது என்று மேலே இருக்கும் பிரஷர் ஸ்க்ரூவை நான்தான் தளர்த்தினேன். எதையும் தொடவில்லை என்று சத்தியம் வேறு செய்தேன். மறந்தே போய்விட்டது, திட்டாதீர்கள்.

இறுக்கிவிட்டேன். ஜிப் இடத்தில் ஒரு தையல்கூட விடவில்லை. பல் பதியாமல் இருக்க, பல் இல்லாத வழவழப்பான காலை மாட்டியிருக்கிறேன்.

இன்னொரு செய்தி. எழுதாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். பம்மலில் பழைய மெஷின் வாங்கி விற்கிற கஸ்தூரிரங்கன் என்று ஒருவரை அப்பா பிடித்திருக்கிறார். அடுத்த வாரம் பார்க்க வருவாராம். "அறுத்துக்கிட்டோம்னா முழுசா அறுத்துக்கணும், ஒரு நூல்கூட மிச்சம் இருக்கக் கூடாது" என்கிறார் அப்பா. அண்ணன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். பில் நம் இரண்டு பேர் பேரிலும் இருப்பதால் இரண்டு கையெழுத்தும் வேண்டும்.

பிளஸ்ஸி


13 நவம்பர், புதன்

பிளஸ்ஸிக்கு,

ஜிப் இடத்தில் எனக்கும் விடவில்லை. நன்றாகப் பார்த்திருக்கிறாய்.

உன் அப்பா சொல்வது சரிதான். நானும் அதே எண்ணத்தில்தான் சரி என்று சொன்னேன். வரட்டும், பார்க்கட்டும்.

மூலை மட்டும் பாக்கி. இன்று முழுக்க அதே வேலை. வேகமாகத் திருப்பினேன், மெதுவாகத் திருப்பினேன், தையல் நீளத்தைக் குறைத்தேன், நூல் டென்ஷனைத் தளர்த்தினேன். சில மூலை விழுகிறது, சில மூலை விழுவதில்லை. எப்போது விழும் என்று சொல்ல முடியவில்லை. எப்போதும் விட்டாலாவது பிடித்துவிடலாம். இது கண்ணாமூச்சி ஆடுகிறது.

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். குறை என் கையில் இருக்கிறது. ஆனால் எங்கே என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் செய்வது இதுதான்: மூலை வந்ததும் நிறுத்துவேன். ஊசி தோலுக்குள் இருக்க வேண்டும் என்பதற்காகச் சக்கரத்தைச் சுற்றி அதை நன்றாகக் கீழே இறக்குவேன். காலைத் தூக்குவேன், தோலைத் திருப்புவேன், காலை இறக்கித் தைப்பேன். இதில் தப்பு என்ன?

நீ மூலையில் என்ன செய்கிறாய் என்று எழுது. "நானும் அதேதான்" என்று எழுதாதே. உன் கையைப் பார்த்து எழுது.

ஈவ்லின்


14 நவம்பர், வியாழன்

"நானும் அதேதான்" என்றுதான் எழுத வந்தேன். திட்டு வாங்க வேண்டாம் என்று என் கையைப் பார்த்தேன்.

இது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கை வேறு மாதிரி செய்கிறது. பல் தேய்ப்பதை யோசித்துக்கொண்டே தேய்த்துப் பாருங்கள், புரியும். அதனால் போனை நூல் ஸ்டாண்டில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே கவர் கவராகத் தைத்தேன். பிறகு வீடியோவை ஓட்டிப் பார்த்தேன். என் குரல் சகிக்கவில்லை. கை மட்டும் உண்மையைச் சொன்னது.

மூலையில் நிறுத்துகிறேன். வலது கை சக்கரத்துக்குப் போகிறது. ஊசி கீழே இறங்குகிறது. இதுவரை உங்களைப் போலத்தான். பிறகு என் கை சக்கரத்தை விடாமல் இன்னும் ஒரு துளி தள்ளுகிறது. ஊசி அடிவரை போய், நெல் உயரம் மேலே ஏறிவிடுகிறது. ஆனாலும் தோலுக்குள்ளேதான் இருக்கிறது. அப்புறம்தான் காலைத் தூக்குகிறேன்.

எல்லா மூலையிலும் இதையேதான் செய்கிறேன். யார் சொல்லிக் கொடுத்தார்கள், எப்போது பழகினேன், எதுவும் ஞாபகமில்லை. இப்படிச் செய்கிறேன் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்! காட்டாங்குளத்தூர் காலேஜில் ஆபீஸ் வேலை பார்த்தவள் கைக்கு இது எங்கிருந்து வந்தது?

செய்து பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை இந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. வரமாட்டேன், பயப்படாதீர்கள்.

பிளஸ்ஸி


15 நவம்பர், வெள்ளி

பிளஸ்ஸி,

அதுதான். அதேதான்.

இன்று ஒரு மூலையும் விடவில்லை. நம்ப முடியாமல், பழையபடி ஊசியை அடியிலேயே நிறுத்தித் திருப்பினேன், விட்டது. ஒரு துளி ஏற்றித் திருப்பினேன், விழுந்தது. கீழே இருந்து கனகவல்லி அக்கா, "இன்னாம்மா, தனியா சிரிச்சிகினு கீற?" என்று கேட்கும்வரை இதையே செய்துகொண்டிருந்தேன்.

ஆனால் ஏன் என்று தெரியாமல் வீட்டுக்குப் போக மனமில்லை. ஊசிக்குக் கீழே இருக்கும் தகட்டைத் தள்ளிவிட்டு, டார்ச் அடித்து, சக்கரத்தை மயிரிழை மயிரிழையாகச் சுற்றினேன். ஊசி அடிவரை இறங்குகிறது. அப்போது நூல் ஊசியோடு ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கிறது. ஊசி மேலே ஏறத் தொடங்கும்போதுதான் நூல் தளர்ந்து, பக்கவாட்டில் ஒரு சின்ன வளையமாக உப்புகிறது. சுற்றி வரும் ஹூக்கின் மூக்கு சரியாக அந்த வளையத்துக்குள் நுழைந்து நூலைப் பிடித்துக்கொண்டு போகிறது. வளையம் வருவதற்கு முன்னால் நான் தோலைத் திருப்பிவிடுகிறேன். நூல் முறுக்கிக்கொண்டு, வளையம் கோணலாக வருகிறது. ஹூக் வெறும் காற்றைப் பிடித்துவிட்டுப் போகிறது. உன் கை அது பிடிக்கும்வரை காத்திருக்கிறது.

கம்பெனி மெஷின்களில் பெடலை விட்டால் ஊசி தானாகச் சரியான இடத்தில் நிற்கும். அங்கே ஆபரேட்டர்கள் அப்படியே திருப்புவதைப் பார்த்துப் பார்த்து, கீழே இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

ஆசை விடவில்லை. ஊசியைக் கொஞ்சம் திருப்பி மாட்டினால் என்ன ஆகும் என்றும் பார்த்தேன். வளையம் வேறு பக்கம் உப்பியது, ஹூக் அதைத் தொடவே இல்லை. நேர்த்தையலே கண்டபடி விட்டது. மறுபடி சரியாக மாட்டிவிட்டேன், கவலைப்படாதே.

இத்தனை வருஷம் தையலைச் சரிபார்த்துப் பிழைத்தவள் நான். ஒரு தையல் எப்படி விழுகிறது என்று இன்றுதான் பார்த்தேன்.

ஈவ்லின்


16 நவம்பர், சனி

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நானும் தகட்டைத் தள்ளிப் பார்த்தேன். அந்த வளையம்! எவ்வளவு சின்னது! வேலை ஒன்றும் ஓடவில்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கஸ்தூரிரங்கன் செவ்வாய்க்கிழமை வருகிறார். என் நாள். அப்பா முன்பணம்கூடப் பேசிவிட்டார் போலிருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், பதில் எழுதுங்கள். உங்களுக்கு இதை விற்க இஷ்டமா? உங்கள் பி.எஃப். பணத்தில் பாதி, என் காலேஜ் சம்பளத்தில் சேர்த்தது பாதி. அண்ணன் இதில் ஒரு ஸ்க்ரூகூட வாங்கித் தரவில்லை. நீங்கள் அவனை விட்டுப் போனீர்கள். அது உங்கள் இரண்டு பேர் விஷயம். என்னை எப்போது விட்டுப் போனீர்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

பிளஸ்ஸி


18 நவம்பர், திங்கள்

பிளஸ்ஸி,

இன்று தைத்தவை ஷெல்ஃபில் இருக்கின்றன. மூலைகளைப் பார்த்துக்கொள்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதி, கிழித்துப் போட்டுவிட்டேன். உன் அப்பாவிடம் சரி என்று சொல்லியிருக்கிறேன். சொன்ன சொல்லை மாற்றிப் பழக்கமில்லை. பார்ட்டி வரட்டும்.

ஈவ்லின்


19 நவம்பர், செவ்வாய்

அவர் வந்தார். அவரே உட்கார்ந்து துண்டுத் தோலில் ஓட்டிப் பார்த்தார். தையல் கண்டபடி விட்டது. நேர்த்தையலே. நான் ஓட்டினேன், எனக்கும் விட்டது. என்ன ஆயிற்றோ தெரியவில்லை. பழைய மெஷின்தானே.

ஆனால் அவர் போகவில்லை. மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். "மெஷின் தலை நல்ல தலைம்மா. உனக்கு ஓட்டத் தெரில. இன்னொரு மேடம் இருக்காங்களாமே, நாளைக்கு அவங்க கையால ஓட்டிக் காட்டட்டும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். காலையில் வருவார்.

உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அப்படியே செய்யுங்கள்.

பிளஸ்ஸி


20 நவம்பர், புதன்

பிளஸ்ஸி,

என்ன ஆயிற்றோ தெரியவில்லையா?

அவர் வருவதற்கு முன்னாலேயே வந்து ஓட்டிப் பார்த்தேன். விட்டது. ஊசியைப் பார்த்தேன். அவசரத்தில் தப்பாக மாட்டிய ஊசியென்றால் கொஞ்சம் கீழே தொங்கும், ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். இது முழுக்க மேலே ஏற்றி, ஸ்க்ரூவை இறுக்கி, பக்குவமாகத் திருப்பி வைத்த ஊசி. நான் எழுதியதைப் படித்துவிட்டு அப்படியே செய்திருக்கிறாய்.

முதலில் கோபம்தான் வந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றும் என்னை உன் பொய்க்குக் கூட்டுச் சேர்க்கிறாயே என்று. பிறகு அந்த ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தேன். ஊசியை இப்படியே விட்டுவிட்டால் அவர் போய்விடுவார், மெஷின் நிற்கும், நானும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அது எனக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று பார்த்ததும்தான் எனக்கே தெரிந்தது, இதை விற்க எனக்கு இஷ்டமில்லை. இஷ்டம் எப்போதுமே இருந்ததில்லை. உங்கள் வீட்டுக்கு நான் வேண்டாதவள் என்றால் உங்கள் வீட்டு எதுவும் எனக்கும் வேண்டாம் என்று ஒரு வீம்பு. அவ்வளவுதான்.

ஆனால் நல்ல மெஷினுக்குக் கெட்ட பேர் வாங்கித் தர முடியாது. ஊசியைச் சரியாக மாட்டினேன். அவர் வந்ததும் அவர் கண் முன்னாலேயே முழுக் கவர் ஒன்றைத் தைத்துக் காட்டினேன். நாலு மூலையும் விழுந்தது.

அவர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா மேடம், இப்ப சூப்பரா கீது! நேத்து அந்தப் பொண்ணு இன்னா பண்ணுச்சு?"

"ஊசியைத் திருப்பி வெச்சிருக்கா சார். அவளுக்கு இதை விக்க மனசில்லை."

"உங்களுக்கு?"

"எனக்கும்தான்."

கவரை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "பேஜார் புடிச்ச கேஸும்மா நீங்க ரெண்டு பேரும். இதை மொதல்லயே சொல்லியிருந்தா எனக்கு ரெண்டு நாள் பெட்ரோல் மிச்சம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். முன்பணம் எதுவும் தரவில்லையாம். நான் கேட்டுவிட்டேன்.

பிறகு உன் அப்பாவுக்கு போன் செய்தேன். "மாமா, நான் ஈவ்லின் பேசறேன். மெஷினை விக்கலை. சரின்னு சொன்னது நான்தான், மாத்திச் சொல்றதும் நான்தான். ஆபேல் விஷயம் கோர்ட்ல முடியட்டும். இது நானும் பிளஸ்ஸியும் வாங்கினது" என்றேன். லைன் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. "மழையில பத்திரமா வீட்டுக்குப் போம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத்தான் தெரியும்.

இனிமேல் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று வாயால் சொல். ஊசியிடம் சொல்லாதே.

ஈவ்லின்


21 நவம்பர், வியாழன்

திட்டு கிடைத்தது. தகும்.

அதற்கு அர்த்தம் எனக்கும் உடனே தெரியவில்லை. நேற்று அப்பா சாப்பிட உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அந்தப் பொண்ணு என்னை இன்னும் மாமான்னுதான் கூப்பிடுது" என்றார். அண்ணன் தட்டோடு எழுந்து ஹாலுக்குப் போய்விட்டான். "அதுக்கு என்னப்பா?" என்றேன். "ஒண்ணுமில்ல. விக்க வேணாம்னா விட்டுடுங்க. உங்க ரெண்டு பேர் பாடு" என்றார். இரண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எங்கள் அப்பா சமாதானமாகிவிட்டார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஊசி விஷயம். தப்புதான். ஆனால் அதைத் திருப்பும்போது, நீங்கள் எழுதியது நிஜமா என்று பார்க்கிற ஆர்வமும் கொஞ்சம் இருந்தது. நிஜம்தான்.

இப்போது முக்கியமான விஷயம். இன்று காலையிலிருந்து மெஷினில் ஒரு புதுச் சத்தம். தையல் விடவில்லை, எல்லாம் ஒழுங்காக விழுகிறது. ஆனால் உள்ளே எங்கோ சத்தம் வருகிறது. வேகமாக ஓட்டினால் இல்லை, மெதுவாக ஓட்டினால் வருகிறது. ஊசி இறங்கும்போதா ஏறும்போதா என்று பிடிபடவில்லை. எண்ணெய் விட்டேன், போகவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று வேறு எதையும் தொடவில்லை, இந்தத் தடவை நிஜமாகவே.

அந்தச் சத்தத்தை எழுதிக் காட்டலாம் என்று பார்த்தேன். டொக் என்று எழுதினால் அது இல்லை. டிக் என்றாலும் இல்லை. கிளிக், சடக், லொட்டு எல்லாம் எழுதி அடித்துவிட்டேன். எழுத்தில் வரமாட்டேன் என்கிறது.

நாளைக்கு உங்கள் நாள்தான். ஆனாலும் பத்து மணிக்கு வருகிறேன். நான் சக்கரத்தை மெதுவாகச் சுற்றுகிறேன். நீங்கள் மெஷினில் காதை வைத்துக் கேளுங்கள்.

பிளஸ்ஸி